ஒரு பூச்சிகூட இல்லாத இடம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தங்கச்சி. எனக்குக் காத்து வேண்டாம். இப்ப எனக்கு இருக்கிற வயித்தெரிச்சலுக்கு எந்தக் காத்தும் பத்தாது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். அங்க பெரிய ஆபீஸ்ல ஒரு ஜோலி. ஜோலின்னா என்ன ஜோலி, சண்டைதான். நத்தத்துல பஸ் படியேறுறப்பவே முடிவு பண்ணிட்டேன், இன்னைக்குப் பேசாம திரும்புறதில்லைன்னு.

என்னைத் தெரியலையா? நத்தம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல போல. இருந்தா தெரிஞ்சிருக்கும். பஞ்சவர்ணம் கேட்டரிங். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீடு பால் காய்ச்சுறது, எதுன்னாலும் நாமதான். சாப்பாட்டை விடுங்க, சாப்பாடு எல்லாரும்தான் போடுறாங்க. என் பந்தியில ஒரே ஒரு ஈயைக் காட்டச் சொல்லுங்க பாப்போம். காட்டிட்டா அன்னைக்கே கரண்டியைக் கீழ வெச்சிருவேன்.

சிரிக்காதீங்க. பட்டவளுக்குத்தான் தெரியும். தொழிலுக்கு வந்த புதுசுல கோபால்பட்டியில ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் பாயசத்துல ஒரு ஈயைப் பாத்துட்டாரு. செத்த ஈகூட இல்ல தங்கச்சி, நல்லா நீந்திக்கிட்டு இருந்துச்சு. அதை எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கிறதை விட்டுட்டு, இலையை மடிச்சுட்டு எந்திரிச்சாரு. அவரு எந்திரிச்சதும் பந்தியே எந்திரிச்சிருச்சு. தாலி கழுத்துல ஏறி அரை மணி நேரம் ஆகல, சம்பந்திக ரெண்டு பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு ஈயாலே ஒரு குடும்பம் பிரியப் பாத்துச்சு. அன்னைக்குப் பிடிச்சேன் ஒரு வைராக்கியம். அதுக்கப்புறம் எந்த விசேஷம்னாலும் மொத நாளே நம்ம ஜெயசீலன் பூச்சிமருந்துப் புகை மிஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்திருவான். மண்டபம், சமையக்கட்டு, வாசல், பின்கட்டு, ஒரு இடம் விடமாட்டான். அவன் போன பெறகு அங்க ஈ காக்கா இருக்காது. காக்காயை மட்டும்தான் ஒண்ணும் செய்ய முடியல.

இப்ப கதைக்கு வர்றேன்.

எங்க ஊருக்கு வெளிய ஒரு பூச்சி ஆபீஸ் இருக்கு. போர்டுல நீளமா என்னமோ ஆராய்ச்சி நிலையம்னு போட்டிருக்கும். பயிரைத் திங்கிற பூச்சி எது, அந்தப் பூச்சியைத் திங்கிற பூச்சி எதுன்னு பாக்குற இடம். படிச்சவங்களுக்கு எப்படியெல்லாம் பொழுது போகுது பாருங்க. அங்க கேன்டீன் நாமதான் நடத்துறோம். அதை வாங்கிக் குடுத்தது தமயந்தி. டாக்டர் தமயந்தி. ஊசி போடுற டாக்டர் இல்ல, பூச்சி டாக்டர். நல்ல பிள்ளைதான், அதையும் சொல்லணும்ல. கேன்டீனை வேற ஆளுக்குக் குடுக்க இருந்தாங்க. "பஞ்சவர்ணக்கா கிட்ட புருஷன் துணை இல்லாத பொம்பளைங்க பத்துப் பேரு வேலை பாக்குறாங்க, அவங்களுக்குத்தான் குடுக்கணும்"னு பெரிய ஆளுங்க கிட்ட மல்லுக்கு நின்னு வாங்கிக் குடுத்தா. அதெல்லாம் நான் மறக்கல. மறக்காததுனாலதான் இம்புட்டு எரியுது.

இந்த வருஷம் அவ ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினா. வசதி இல்லாத நாட்டுல பூச்சிப் படிப்பு படிச்ச இளவட்டப் பிள்ளைக இருக்குதுகல்ல, அதுகளுக்கு ஊர்ல சொல்லிக்குடுக்க ஆளும் கிடையாது, சாமானும் கிடையாது. கென்யா, உகாண்டா, நேபாளம், சிலோன்னு அங்கங்க இருந்து பொறுக்கி எடுத்து, ஒரு இடத்துல தங்க வெச்சு மூணு வாரம் சொல்லிக்குடுப்பாங்களாம். இதுவரைக்கும் வேற எங்கெங்கயோ நடந்துக்கிட்டு இருந்துச்சு. தமயந்தி வருஷக்கணக்கா அலைஞ்சு, எழுதிப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, எங்க ஊருக்குக் கொண்டு வந்துட்டா.

"அக்கா, இது நல்லபடியா நடந்தா வருஷா வருஷம் நம்ம இடத்துலயே நடக்கும். சொதப்பிட்டா வேற நாட்டுக்குப் போயிரும். கடைசி வாரம் மேல இருந்து ஒருத்தர் வந்து பாப்பார். அவர் வாயில என்ன வருதோ அதுதான்"னு சொன்னா. சொல்றப்பவே அவளுக்கு மூச்சு வாங்குது. பிள்ளைக்குத் தவம் கிடக்கிறவகூட அம்புட்டு ஏங்கமாட்டா.

பிள்ளைகளைக் கூட்டிட்டு வர சென்னைக்குக் கிளம்புறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "எல்லாம் உங்க பொறுப்புக்கா. உங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி பாத்துக்கங்க." இதைச் சொன்னது யாரு? அவ. நானா ஒண்ணும் வலிய ஆரம்பிக்கல.

கல்யாணம்னு சொல்லிட்டா பெறகு நம்ம கையைப் பிடிக்க முடியுமா? வாசல்ல குலை தள்ளின வாழை ரெண்டு. மாவிலைத் தோரணம். கோலத்தை அரிசி மாவுல போடக்கூடாதுன்னுட்டேன், எறும்பு வரும், கல்லு மாவுல போடுங்கடின்னேன். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. பந்திக்கும் ஒரு முறை வேணும்ல, அதனால ஆப்பிரிக்காப் பிள்ளைகளை மாப்பிள்ளை வீடுன்னு வெச்சுக்கிட்டேன், இந்தப் பக்கத்துப் பிள்ளைக எல்லாம் பொண்ணு வீடு. மாப்பிள்ளை வீட்டுக்கு மொதல் பந்தி. அதுல நேபாளத்துப் பையனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒரு மனத்தாங்கல்தான்.

அப்புறம் ஜெயசீலனைக் கூப்பிட்டேன்.

வாட்ச்மேன் சீனிச்சாமின்னு ஒரு மனுஷன் அங்க. எதுக்கெடுத்தாலும் குறுக்க ஒரு கேள்வி. "ஏம்மா, பூச்சி படிக்க வர்றவங்களுக்குப் பூச்சி வேண்டாமா?"ன்னு கேக்குறார். எனக்கு வந்துச்சே கோவம். "யோவ், டாக்டருங்க மாநாடு நடத்துறாங்கன்னா ஹாலுக்குள்ள நாலு காய்ச்சக்காரனைப் படுக்க வெச்சுக்கிட்டா நடத்துவாங்க? அவங்க படிச்சவங்க. பாடம் புஸ்தகத்துல இருக்கும், படத்துல இருக்கும். விருந்தாளி வர்ற இடத்துல பூச்சி பொட்டு கிடந்தா நம்ம ஊருக்குத்தான்யா கேவலம்"னேன். மனுஷன் வாயை மூடிக்கிட்டாரு. நியாயத்தைச் சொன்னா யாரா இருந்தாலும் மூடித்தானே ஆகணும்?

ஜெயசீலனும் சும்மா சொல்லக்கூடாது, உசிரைக் குடுத்து வேலை பாத்தான். தங்குற கட்டடம், சாப்பாட்டுக் கூடம், தோட்டம், வயல், குட்டை, புதர், ஒரு செடி விடல. பின்னாடி ஒரு பெரிய வலைக் கூண்டு இருக்கு தங்கச்சி, ஒரு ரூம் அளவுக்கு. நாலு பக்கமும் கொசுவலை மாதிரி அடிச்சிருக்காங்க. உள்ள எட்டிப் பாத்தா, ஆத்தாடி, செடி பூரா புழு! வண்ணத்துப்பூச்சி! என்னென்னமோ குளவி! எனக்குப் பாவமாப் போச்சு. இம்புட்டுச் செலவு பண்ணி வலை அடிச்சும் பூச்சி உள்ள புகுந்திருச்சேன்னு. "ஜெயசீலா, இதுக்குள்ள ரெண்டு தடவை அடிடா"ன்னேன். அடிச்சான். புகைக்கு முன்னாடி என்னை நிக்க வெச்சு வீடியோவும் எடுத்தான். என் போன்ல இன்னும் இருக்கு, பெறகு காட்டுறேன்.

மறுநாள் வேன் வந்துச்சு. பிள்ளைக இறங்குதுக. ஆலாத்தி எடுத்து, பொட்டு வெச்சு, பன்னீர் தெளிச்சு உள்ள கூட்டிட்டுப் போனோம். அச்சியெங்குன்னு கென்யாக்காரப் பிள்ளை ஒண்ணு, நெடுநெடுன்னு உசரம், ஆலாத்தி தட்டைப் பாக்குறதுக்கே குனியுது. சிலோன் பிள்ளை நிரோஜினி. அது தமிழ் பேசும், நம்ம தமிழ் இல்ல, கேக்க இனிப்பா ஒரு தமிழ். ஆன்ட்டிங்கிறதை "அன்ரி, அன்ரி"ன்னு சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கிட்டே பின்னாடி திரியும். மத்தவங்க பேசுறதை எனக்குத் தமிழ்ல சொன்னது எல்லாம் அதுதான்.

தமயந்தி சாப்பிடக்கூட உக்காரல, நேரா வலைக் கூண்டுக்குப் போனா. நானும் பின்னாடியே போறேன், பாத்து அசந்துபோகட்டும்னு. கதவைத் திறந்தா. நின்னா. இலையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறா.

"அக்கா, இங்க இருந்தது எல்லாம்...?"

"ஒண்ணுகூட இல்லம்மா! ஒண்ணுகூட விடல!"ன்னேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டா தங்கச்சி. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு. "நீங்களாக்கா?"ன்னு கேட்டா. "நான் இல்லாம வேற யாரு செய்வா இதையெல்லாம்?"னேன். என்னமோ சொல்ல வந்தா, என் மூஞ்சியைப் பாத்தா, சொல்லல. பிரயாண அசதி ஒரு பக்கம், இவ்வளவு பண்ணியிருக்காளேங்கிற சந்தோஷம் ஒரு பக்கம், பாவம் அவளுக்குப் பேச்சு வரல. நான்தான் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டு, ஒரு தம்ளர் மோரைக் குடுத்தேன்.

அடுத்த நாள்ல இருந்து கூத்து. பிள்ளைக எல்லாம் நீளக் கம்புல வலையைக் கட்டிக்கிட்டு விடியவும் வயலுக்குப் போகுதுக. வீசு வீசுன்னு வீசுதுக. காத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு வருதுக. பொழுது சாய வெள்ளை வேட்டியைத் திரை மாதிரிக் கட்டி லைட்டைப் போட்டு உக்காருதுக, வெளிச்சத்துக்குப் பூச்சி வருமாம். எங்க வரும்? வேட்டிதான் பளபளன்னு தெரியுது. நேபாளத்துப் பையன் கல்லைப் புரட்டிப் பாக்குறான், பட்டையை உரிச்சுப் பாக்குறான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு எறும்பைப் பாத்துட்டு அவன் போட்ட கூச்சல் இருக்கே, கூட்டமா ஓடி வந்து சுத்தி நின்னு பாத்துச்சுக. அந்த எறும்பும் தள்ளாடிக்கிட்டுத்தான் போச்சாம்.

இப்படியே ரெண்டு வாரம் தாண்டிப்போச்சு. ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்துல அச்சியெங்கு இலையில கை வைக்காம அழுதுக்கிட்டு இருக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளு மொதல் பந்தியில அழுதா எனக்கு எப்படி இருக்கும்? பதறிப்போயிட்டேன். உப்புக் கூடிப்போச்சோன்னு ரசத்தை எடுத்து நக்கிப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

நிரோஜினிதான் சொல்லுச்சு. "அன்ரி, ஒவ்வொருத்தரும் தங்கட கையால பூச்சி பிடிச்சு, ஊசி குத்தி, பேர் எழுதி வைக்க வேணும். அதைப் பாத்துத்தான் சேட்டிபிக்கற் குடுப்பினம். பூச்சியே இல்லாட்டி என்னத்தைப் பிடிக்கிறது? சேட்டிபிக்கற் இல்லையெண்டா இவவுக்கு ஊரில வேலை இல்லை."

அச்சியெங்கு ஊர்ல மக்காச்சோளம் பூராத்தையும் படைப்புழு தின்னுருதாம். நம்ம பக்கமும் வந்துச்சே, அதே சனியன்தான். அவ அப்பன் ரெண்டு வருஷமா ஒண்ணும் அறுக்கலையாம். அந்தப் புழுவை அழிக்கிற குளவியை எப்படி வளர்க்கிறதுன்னு கத்துக்கிட்டுப் போய், அந்த வட்டாரத்துக்கே பூச்சி ஆபீசரா உக்காரணும்னு வந்திருக்கு பிள்ளை. கேட்டதும் எனக்கு மனசு கேக்கல. தமயந்தி கிட்ட போய் நின்னேன். "ஏம்மா, பக்கத்து ஊருக்கு வேன்ல கூட்டிட்டுப் போய்ப் பிடிக்க வைக்கலாம்ல?" "வெளிநாட்டுப் பிள்ளைகக்கா, காம்பவுண்டைத் தாண்ட டெல்லியில இருந்து அனுமதி வரணும். கேட்டிருக்கேன். வர்றதுக்குள்ள வகுப்பே முடிஞ்சிரும்"னா. கண்ணுக்குக் கீழ கறுத்துப்போயி, ஆளே பாதியா இளைச்சுட்டா.

"அப்ப பூச்சி வேணும்னு மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கணும்ல தாயி? மெனுவுல சொல்லாததை நான் இலையில எப்படி வைப்பேன்?"னு கேட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. "சரி விடு, எத்தனை பேருக்கு வேணும், எப்ப வேணும்?"னேன். "அந்தப் பெரியவர் நாளன்னைக்கு வர்றார்க்கா"ன்னா.

நாளன்னைக்கு! நான் அசருற ஆளா? போனை எடுத்தேன். நத்தத்துல நான் சோறு போட்ட வீடு ஒண்ணு விடாம கூப்பிட்டேன். "மதினி, வீட்ல என்ன பூச்சி இருக்கு?" மொதல்ல எல்லாரும் கோவிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்ல பூச்சியான்னு சண்டைக்கு வந்தாங்க. "அட, சீர்வரிசைக்குக் கேக்குறேன்"னதும் வழிக்கு வந்துட்டாங்க. சீருன்னு சொல்லிட்டா நம்ம பொம்பளைங்க விடுவாங்களா? அவ வீட்ல அது குடுத்தாளாம், நான் குறைஞ்சவளான்னு போட்டி வந்திருச்சு.

நீங்க பாத்திருக்கணும் அந்த வரிசையை! மேளத்துக்கு என் ஒண்ணுவிட்ட தம்பி, ஓசியிலயே வாசிச்சான். முன்னாடி குடை. பின்னாடி பட்டுச்சேலை கட்டின பொம்பளைங்க கையில தாம்பாளம், தாம்பாளத்து மேல கொசுவலை கட்டி, ஓரத்துல மல்லிப்பூச் சுத்தியிருக்கு. ஒரு தட்டுல வண்டு விழுந்த தட்டாம்பயறு. ஒரு தட்டுல ஈ மொய்ச்ச மாம்பழம். கரையான் அரிச்ச ஜன்னல் கட்டை. லாட்ஜ்காரர் சம்சாரம் மூட்டைப்பூச்சி கொண்டாந்துச்சு, அதை மட்டும் டப்பாவுக்குள்ள வெச்சு டேப்பு ஒட்டச் சொன்னேன். பால்காரர் வீட்ல இருந்து வெள்ளித்தட்டுல சாணி, அதுக்குள்ள சாணி வண்டு. வெட்டுக்கிளி, தும்பி, பொன்வண்டு, எருக்கஞ்செடியோட புழு. மண்டபத்துச் சமையக்கட்டுல இருந்து கரப்பான் ஒரு அண்டா. அது என் சமையக்கட்டு இல்ல, அடுத்த பார்ட்டியோடது, நீங்க தப்பா நினைக்கக்கூடாது.

தட்டு ஒத்தைப்படையில இருக்கணும்ல? ஒண்ணு குறைஞ்சுச்சு. என்கிட்ட வேலை பாக்குறாளே ராசாத்தி, அவ மக தலையைச் சீவி எடுத்த பேனை ஒரு குங்குமச்சிமிழ்ல போட்டு ஒரு தட்டு சேத்துட்டோம்.

மேளச்சத்தம் கேட்டுப் பிள்ளைக எல்லாம் ஓடி வந்துச்சுக. தட்டை ஒவ்வொண்ணா சாப்பாட்டுக் கூடத்துல இறக்குறோம். அச்சியெங்கு பொன்வண்டைப் பாத்துட்டு என்னை அப்படியே தூக்கிருச்சு தங்கச்சி! இந்த ஒடம்பை! எனக்கு வெக்கமாப் போச்சு, ஆனா சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

தமயந்தி மட்டும் தயங்கித் தயங்கி வர்றா. "அக்கா, ரொம்பப் பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க. ஆனா தட்டுல வந்தது செல்லாதுக்கா. பிள்ளைக அதுக கையால பிடிச்சாத்தான் கணக்கு"ன்னா.

"அம்புட்டுத்தானே?"ன்னேன். கதவைச் சாத்தினேன். போய் எல்லாத் தட்டுலயும் வலையை உருவிட்டேன். "பிடிங்கப்பா இப்ப!"

ஐயோ, சிரிப்பு வருது எனக்கு இப்பவும். இருங்க, கண்ணைத் தொடச்சுக்கிறேன். கரப்பான் அண்டாவுல இருந்து ஒண்ணு கிளம்புச்சு பாருங்க, பின்னாடியே கூட்டமா பறந்துச்சு. பட்டுச்சேலை கட்டி வந்தவ எல்லாம் பெஞ்சு மேல. தவில்காரன் தவிலைப் போட்டுட்டு ஜன்னல் வழியா வெளிய. பிள்ளைகளுக்கு அப்பத்தான் உசிரு வந்துச்சு. வலையை எடுத்துக்கிட்டு மேசைக்கு மேசை தாவுதுக. நேபாளத்துப் பையன் சாம்பார் வாளிக்குள்ள பாஞ்ச வெட்டுக்கிளியைத் தொரத்திக்கிட்டுப் போய் அவனும் பாதி உள்ள போயிட்டான். நிரோஜினி சாணித்தட்டு முன்னாடி சப்பணம் போட்டு உக்காந்துருச்சு. அச்சியெங்கு அந்த உசரத்துக்குச் சும்மா நின்னபடிக்கே கூரையில இருக்கிறதைப் பிடிக்குது.

சரியா அந்த நேரத்துல கதவைத் திறந்துக்கிட்டு அந்தப் பெரியவர் நிக்கிறார். ஒரு நாள் முன்னாடியே வந்துட்டார் மனுஷன். வெள்ளைக்காரர், நரைச்ச தாடி. யோஹான்னு என்னமோ பேரு, வாயில நுழையல, நான் லோகநாதன் ஐயான்னு கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தார், அப்படியே வெச்சுக்கிட்டேன். அவர் தாடியில ஒரு கரப்பான் போய் உக்காந்துச்சு. அவர் அசையல. நான் ஓடிப்போய்ச் சந்தனம், கல்கண்டு நீட்டினேன். கல்கண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, தாடியில இருந்த கரப்பானை ரெண்டு விரல்ல பூப்போல எடுத்துப் பாத்தார். அப்புறம் சிரிச்சார் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. நேபாளத்துப் பையன் கையில இருந்த வலையைப் பிடுங்கிக்கிட்டு அவரும் இறங்கிட்டார்.

அத்தனை பிள்ளையும் பிடிச்சுருச்சுக. ஊசி குத்தி, பேரு எழுதி, பெட்டி பெட்டியா அடுக்கிருச்சுக. அத்தனை பேருக்கும் சேட்டிபிக்கேட்டு. அச்சியெங்கு அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே தூங்குச்சாம். அது யாரால? நீங்களே சொல்லுங்க.

இங்கதான் தங்கச்சி என் வயித்தெரிச்சல் ஆரம்பிக்குது.

கடைசி நாள் விழா. அதுக்கு முன்னாடி லோகநாதன் ஐயா வயல், தோட்டம், குட்டை, வலைக் கூண்டு எல்லாத்தையும் தனியாப் போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்தார். மேடையில மைக்கைப் பிடிச்சு என்னமோ சொன்னார். பிள்ளைக எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிச்சுக. நான் நிரோஜினியை இடிச்சேன், என்ன சொல்றாருன்னு. அது மெதுவாச் சொல்லுச்சு. "இருபது வருசமா உலகம் முழுக்கத் திரியிறாராம் அன்ரி. ஒரு பூச்சிகூட இல்லாத இடத்தை இங்கதான் முதல்முதல் கண்டவராம்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இருபது வருஷம் உலகம் சுத்தின மனுஷன் வாயில இருந்து! கோபால்பட்டி தாய்மாமன் மட்டும் அங்க இருந்திருக்கணும். "இதைச் செய்தது ஆர் எண்டு கேக்கிறார்"னு சொல்லுச்சு நிரோஜினி. நான் கையைத் தொடச்சேன், முந்தானையைச் சரி பண்ணேன், ஒரு எட்டு எடுத்து முன்னாடி வைக்கிறேன். அந்தச் சிலோன் பிள்ளை என் சேலையைப் பிடிச்சு இழுக்குது. அதுக்குள்ள தமயந்தி எந்திரிச்சிட்டா.

"நான்தான்"னா.

கேட்டீங்களா? "நான்தான் செய்யச் சொன்னேன். என் பொறுப்புலதான் நடந்தது. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல"ன்னு இங்கிலீஷ்ல சொல்றா. நிரோஜினி எனக்குச் சொல்லிக்கிட்டே அழுதுருச்சு. அந்தப் பிள்ளைக்கே நியாயம் தெரியுது பாருங்க, சிலோன்ல இருந்து வந்த பிள்ளைக்கு! புகை அடிக்கிறப்ப இவ சென்னையில இருந்தா. ஒரு செடிக்கு அடிச்சிருப்பாளா இவ? இருமி இருமி நெஞ்சு புண்ணானது எனக்கு. பேரு அவளுக்கு!

விழா முடிஞ்சதும் விடல, மேடைக்குப் பின்னாடி மடக்கிட்டேன். "ஏம்மா தமயந்தி, நான் செஞ்சதை நீ செஞ்சதாச் சொல்லலாமா?"ன்னு கேட்டேன். என் கை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, உங்க பேரு இதுல வரவே கூடாது. யாரு கேட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. ராசாத்தி, மத்தவங்க எல்லாம் உங்களை நம்பித்தானே இருக்காங்க. நான் பாத்துக்கிறேன்." என் பேரு வரவே கூடாதாம்! எங்க போய் முட்டிக்கிறது? ஒத்தாசை பண்ணவளாச்சேன்னு அன்னைக்குப் பேசாம வந்துட்டேன். ராத்திரி சோறு இறங்கல.

அதோட விட்டிருந்தாலும் பொறுத்துக்கிட்டிருப்பேன். நேத்து சீனிச்சாமி வந்து சொல்றார், மதுரைப் பெரிய ஆபீஸ்ல இன்னைக்கு அவளைக் கூப்பிட்டிருக்காங்களாம். அந்தப் புகையைப் பத்தி விசாரிக்கவே அஞ்சு பெரிய அதிகாரிங்க வந்து உக்காருறாங்களாம். வகுப்பை வருஷா வருஷம் இங்கயே வெச்சுக்கச் சொல்லி லோகநாதன் ஐயா எழுதிட்டாராம். ஆனா புகை அடிச்சது யாருன்னு தீர விசாரிச்சு, அந்த ஆளு பொறுப்புல மட்டும் விடக்கூடாதுன்னும் எழுதியிருக்காராம். "தமயந்தி மேடத்தை வகுப்புல இருந்து எடுத்துட்டு எங்கயாவது தூக்கிப் போட்ருவாங்க போலம்மா"ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்றார். சும்மா பயமுறுத்துறார் மனுஷன். சுத்தம் பண்ணதுக்கு எவனாவது ஆளைத் தூக்குவானா? அதுவும் உலகம் சுத்தினவர் மேடையில பாராட்டின பெறகு? அஞ்சு பேரு வந்து உக்காருறாங்கன்னா சும்மாவா வருவாங்க?

அப்படியே அந்த ஆள் சொல்றது நெசம்னு வெச்சாலும், செய்யாத காரியத்துக்கு அவளை எப்படி எடுப்பாங்க? செஞ்சவ நானு. குத்துக்கல்லு மாதிரி உசிரோட இருக்கேன்ல? ஜெயசீலனையும் வரச் சொல்லிட்டேன். பின்னாடி சீட்ல மிஷினோட உக்காந்திருக்கான் பாருங்க. அதைப் பாத்துட்டுத்தான் கண்டக்டர் லக்கேஜ் போட்டார். இந்தா, வீடியோவையும் பாருங்க. இது யாரு? நான். இது வலைக் கூண்டு. எவ்வளவு புகை பாத்தீங்களா? இதுல எங்கயாவது தமயந்தி தெரியுறாளா?

அதான். அஞ்சு பேரு முன்னாடியும் இதைப் போட்டுக் காட்டி, சத்தமாச் சொல்லப் போறேன். ஐயா, அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க, அந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவ ஊர்லயே இல்ல, அத்தனையும் செஞ்சது இந்தப் பஞ்சவர்ணம்தான்னு. அவ அழுதாலும் சரி, காலைப் பிடிச்சாலும் சரி, விடமாட்டேன்.

என்ன தங்கச்சி, என் கையை எதுக்குப் பிடிக்கிறீங்க? வாயைத் திறக்குறீங்க, மூடுறீங்க. சொல்ல வந்ததைச் சொல்லிருங்க, என் ஸ்டாப்பு வந்திருச்சு. டேய் ஜெயசீலா, மிஷினை எடுடா, பாத்து, அந்த அம்மா தலையில இடிச்சிராம! கண்டக்டர், ஆளு இறங்குது! நான் வரட்டுமா தங்கச்சி? பத்து மணிக்குக் கூட்டமாம், அவ வாயைத் திறக்குறதுக்கு முந்தி நான் உள்ள போய் நிக்கணும்.